‘ஷசாம்’ ஆறு பெயர்களின் முதலெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாரப் பதிப்பின் சிறுவர் பக்கத்தில் அண்மையில் ஒரு மாணவி, ‘ஷசாம் என்றால் என்ன பொருள்?’ என்று கேட்டிருந்தார். ‘மின்னலை வரவழைக்கும் பழைய அரபு மந்திரச் சொல்’ என்று பதில் வெளியாகியிருந்தது. அந்தப் பதில் பிழையானது. அதே பக்கத்தில் கேள்வியில் ஷசாம், பதிலில் ஷாஸம், படத்தின் கீழே ஷஸாம் என்று மூன்று விதமாக அச்சாகியும் இருந்தது. நல்ல கேள்வி கேட்ட பிள்ளைக்குச் சரியான விடை போய்ச்சேர வேண்டும். சிறுவர் பக்கத்தில் நம் பகுதிப் பாத்திரங்களை வைத்துச் சித்திரத் தொடர் தொடங்கப்போவதாகவும் அறிவித்திருக்கிறீர்கள். பெயர் வைப்பதற்கு முன் கவனிக்க வேண்டிய சிலவற்றையும் சேர்த்தே எழுதுகிறோம்.

ஷசாம் ஒரு சித்திரக்கதைக்காகவே கட்டப்பட்ட சொல். 1939இல் அமெரிக்காவின் ஃபாசெட் நிறுவனம் சித்திரக்கதை இதழ் தொடங்க நினைத்தபோது, எழுத்தாளர் பில் பார்க்கர் ஆறு வீரர்கள் கொண்ட ஒரு குழுவை முன்வைத்தார். ஒவ்வொருவருக்கும் பழங்கதை நாயகர் ஒருவரின் ஆற்றல் கிடைத்திருக்கும். ஆறு பேர் வேண்டாம், ஆறு ஆற்றலும் ஒருவனிடமே இருக்கட்டும் என்று நிறுவனத்தார் முடிவுசெய்தார்கள். அந்த ஆறு பெயர்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்ததும் கிடைத்ததுதான் ஷசாம். ஓவியர் சி. சி. பெக் வரைய, 1940 பெப்ரவரி என்று அட்டையில் தேதியிட்ட ‘விஸ் காமிக்ஸ்’ 2ஆம் இதழில் கதை வெளிவந்தது.

ஆறு பெயர்களும் அவற்றுக்குரிய ஆற்றல்களும் இவை: எஸ் என்பது சாலமோன், அறிவு. எச், ஹெர்க்குலிஸ், உடல் வலிமை. ஏ, அட்லஸ், களைக்காமல் தாங்கும் திறன். இசெட், சியூஸ், பேராற்றல். அடுத்த ஏ, அக்கிலிஸ், துணிவு. எம், மெர்க்குரி, வேகம். இவற்றில் சாலமோன் விவிலியத்து அரசர். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம் பிள்ளைகள் சுலைமான் நபி என்று அறிந்திருப்பவரும் அவரே. அட்லஸ், சியூஸ், அக்கிலிஸ் மூன்றும் கிரேக்கப் பெயர்கள். ஹெர்க்குலிஸும் மெர்க்குரியும் உரோமப் பெயர்கள்.

இந்தக் கலப்பில்தான் கைவேலை தெரிகிறது. சியூஸை உரோமர் ஜூப்பிட்டர் என்பார்கள். அந்தப் பெயரை எடுத்திருந்தால் இசெட் போயிருக்கும். மெர்க்குரியைக் கிரேக்கர் ஹெர்மிஸ் என்பார்கள். அதை எடுத்திருந்தால் கடைசி எம் போயிருக்கும். ஹெர்க்குலிஸ் கிரேக்கத்தில் ஹெரக்ளிஸ். எதை எடுத்தாலும் எச் கிடைக்கும். எந்த எழுத்து எங்கே வேண்டும் என்று பார்த்து, அதற்கு ஏற்ற நாட்டுப் பெயரைப் பார்க்கர் எடுத்துக்கொண்டார் என்றே தோன்றுகிறது. சொல்லும் வாய்க்கு எளிதாக, கத்திக் கூப்பிட ஏற்றதாக, கடைசியில் வாய் மூடி முடிவதாக அமைந்தது. மின்னல் விழும் காட்சிக்கு இப்படிப்பட்ட சொல்தான் பொருந்தும்.

கதைக்குள்ளும் இந்த இரகசியம் மறைத்து வைக்கப்படவில்லை. பில்லி பாட்சன் பத்திரிகை விற்றுப் பிழைக்கும் அநாதைச் சிறுவன். சுரங்க ரயில் பாதை வழியாக அவன் ஒரு முதிய மந்திரவாதியிடம் அழைத்துச் செல்லப்படுகிறான். அந்த முதியவரின் பெயரே ஷசாம். அவர் தம் பெயரைச் சொன்னதும் ஆறு பெயர்களும் ஆறு ஆற்றல்களும் சுவரில் வரிசையாகத் தெரிகின்றன. நம் வடமோடிக் கூத்தில் பாத்திரம் களரிக்கு வந்ததும் வரவுப் பாட்டில் தான் யார், தன் திறம் என்ன என்று சபைக்குச் சொல்லிவிடுவதைப் போன்றது அது. பிறகு கதை எங்கே போனாலும் வாசிக்கும் பிள்ளைக்குக் குழப்பம் வராது. பில்லி அதே பெயரைச் சொல்கிறான், மின்னல் விழுகிறது, வளர்ந்த வீரனாக மாறிவிடுகிறான். மாறிய வீரனின் பெயர் கப்டன் மார்வெல். ஷசாம் தொடக்கத்தில் அந்த வீரனின் பெயராக இருக்கவில்லை; முதியவரின் பெயராகவும் மாற்றும் சொல்லாகவும் மட்டுமே இருந்தது. உங்கள் பதிலில் இதுவும் கலந்துபோயிருந்தது.

கலந்துபோனதற்குக் காரணம் உண்டு. வீரனுக்கு முதலில் வைத்த பெயர் கப்டன் தண்டர். அந்தப் பெயருக்கு உரிமை பெற முடியாமல் கப்டன் மார்வெல் என்று மாற்றினார்கள். சூப்பர்மேனைப் பார்த்து எழுதப்பட்டது என்று தொடுக்கப்பட்ட வழக்கு நீண்டு, 1953இல் ஃபாசெட் இணக்கத்துக்கு வந்து அந்த வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. 1967இல் மார்வெல் நிறுவனம் கப்டன் மார்வெல் என்ற பெயரில் வேறொரு பாத்திரத்தைக் கொண்டுவந்து பெயரை எடுத்துக்கொண்டது. பழைய வீரனை, சூப்பர்மேன் கதைகளை வெளியிடும் டிசி நிறுவனம் 1973இல் திரும்பக் கொண்டுவந்தபோது அட்டையில் கப்டன் மார்வெல் என்று தலைப்பிட வழியில்லை. ‘ஷசாம்!’ என்று தலைப்பிட்டார்கள். அட்டையைப் பார்த்தவர்கள் வீரனையே ஷசாம் என்று அழைக்கப் பழகினார்கள். 2012இல் டிசி நிறுவனமும் வீரனுக்கே அந்தப் பெயரை வைத்தது.

வைத்ததும் ஒரு சிக்கல் வந்தது. தன் பெயரைச் சொன்னால் மின்னல் விழும் என்றால், அந்த வீரன் தன்னை எப்படி அறிமுகப்படுத்திக்கொள்வான்? இந்தச் சிக்கல் புதிதும் அல்ல. 1941இல் வந்த கப்டன் மார்வெல் ஜூனியர் என்ற இளைய வீரன் மாறுவதற்குச் சொல்லும் சொல்லே ‘கப்டன் மார்வெல்’ என்பதுதான். தன் முழுப் பெயரைச் சொல்ல வாயெடுத்தாலே பழையபடி ஊன்றுகோலோடு நடக்கும் பையனாகிவிடுவான். மாற்றும் சொல் வேறாகவும் பாத்திரத்தின் பெயர் வேறாகவும் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 1942இல் வந்த மேரி மார்வெல் அதே ஆறெழுத்தைத்தான் சொல்கிறாள். அவளுக்கு மட்டும் அந்த எழுத்துகள் செலினா, ஹிப்பொலிட்டா, அரியாட்னி, செஃபிரஸ், அவுரோரா, மினர்வா என்று வேறு ஆறு பேரைக் குறிக்கும். கட்டமைப்பு உறுதியானது என்பதால்தான் ஆட்களை மாற்றியும் சொல் நின்றது.

இனித் தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஆறெழுத்தாக இருக்கும் இந்தப் பெயர் தமிழில் ஷ, சா, ம் என்று மூன்றெழுத்தாகிவிடுகிறது. ஆறு பேருக்கு மூன்றெழுத்து எப்படிப் போதும்? சாலமோன், ஹெர்க்குலிஸ், அட்லஸ், சியூஸ், அக்கிலிஸ், மெர்க்குரி என்று தமிழில் எழுதி முதலெழுத்துகளைக் கோத்தால் ‘சாஹெஅசிஅமெ’ என்று வரும். அதை ஒருவராலும் கூப்பிட முடியாது. தமிழில் உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் வராது. இரண்டு ‘அ’ நடுவில் விழுந்ததும் சொல் உடைந்துபோகிறது. சாலமோனைச் சுலைமான் என்று எழுதினால் முதலெழுத்தும் மாறிவிடுகிறது. ஆகவே தமிழில் ஷசாம் என்று எழுதும்போது ஆறு பெயர்களையும் அவற்றின் ஆங்கில எழுத்துப் பெயர்களோடு பக்கத்திலேயே கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிள்ளை அதை அர்த்தமில்லாத மந்திரச் சொல்லாகத்தான் நினைக்கும். உங்கள் பதிலில் நடந்ததும் அதுதான்.

தமிழில் இப்படி ஒரு சொல்லைக் கட்டவே முடியாதா என்றால், முடியும். பெயர்களைத் திரட்டிவிட்டுச் சொல்லைத் தேடக் கூடாது, சொல்லிலிருந்து பெயருக்குப் போக வேண்டும். சொல்லின் ஒவ்வொரு எழுத்தும் இன்னொரு பெயருக்கு முதலெழுத்தாக நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். அதனால் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் உதவாது. புள்ளி வைத்த எழுத்தும் உதவாது. உயிரெழுத்து முதலிடத்தில் மட்டும் வரலாம். க, ச, த, ந, ப, ம, வ வரிசைகளே கைகொடுக்கும். ‘அதிவீரா’ என்று ஆசைப்பட்டால், அனுமன், திரௌபதை, வீமன் வரை வந்து ‘ரா’வில் நின்றுவிடும். இராமனும் இராவணனும் தமிழ் முறைப்படி ‘இ’யில் தொடங்குகிறார்கள். ‘அகவிதி’ என்று எடுத்தால் நான்கெழுத்தும் நிரம்பும்: அனுமனின் வேகம், கர்ணனின் கொடை, விதுரனின் அறிவு, திரௌபதையின் உறுதி. பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீமிதியைப் பார்த்து வளரும் பிள்ளைக்குத் திரௌபதையின் உறுதியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. கிரந்த எழுத்து ஒன்றும் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாலும் நாக்கு தடுக்காது. ஆனால் இந்த நான்கும் கூத்துக்கும் கோயிலுக்கும் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும் பெயர்கள். உங்கள் பக்கத்தை வாசிக்கும் முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கும் அதே உரிமை உண்டு. பொதுத் தொடராக இருந்தால் புராணப் பெயர்களை விட்டு, எல்லோருக்கும் பழகிய பொருள்களின் பெயர்களிலிருந்து சொல் கட்டுவது நல்லது.

வேறு நாட்டுப் பெயர்களை மொழிபெயர்க்கும்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பெயர் கதையில் என்ன வேலை செய்கிறது என்பதைத்தான். கொசினி எழுதி உடெர்சோ வரைந்து 1959இல் பிரெஞ்சு இதழ் ஒன்றில் தொடங்கிய ஆஸ்டெரிக்ஸ் கதையில் பழைய பிரான்ஸான கோல் நாட்டவர் பெயர்கள் ‘இக்ஸ்’ என்று முடியும், உரோமர் பெயர்கள் ‘உஸ்’ என்று முடியும். வெர்சிங்கெட்டோரிக்ஸ் என்ற உண்மையான கோல் தலைவனின் பெயரிலிருந்து எடுத்த முடிவு அது. எவன் எந்தப் பக்கம் என்பதைப் பெயரின் கடைசி எழுத்தே சொல்லிவிடும். நாய்க்குட்டியின் பிரெஞ்சுப் பெயர் இடெஃபிக்ஸ், பிடித்த பிடியை விடாத எண்ணம் என்ற தொடரிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அதை டாக்மாட்டிக்ஸ் என்று மாற்றினார்கள். பிடிவாதமும் இருக்கிறது, ஆங்கிலத்தில் நாய்க்குரிய சொல்லும் இருக்கிறது, ‘இக்ஸ்’ முடிவும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் மூலத்தைவிட ஒரு படி மேலே போன பெயர் இது என்பதே எங்கள் எண்ணம். இத்தாலியச் சித்திரக்கதை வீரர் டெக்ஸ் வில்லர் 1948இல் டெக்ஸ் கில்லர் என்று வரவிருந்து, கொலைகாரன் என்ற பொருள் வேண்டாம் என்று ஓரெழுத்து மாறியவர். மாடஸ்டி பிளேஸ் என்ற பிரித்தானியச் சித்திரக்கதை நாயகியின் பெயரில் முதற்பாதி அகதி முகாம்களில் திரிந்த பெயரில்லாத சிறுமிக்கு முதிய பேராசிரியர் ஒருவர் இட்டது. பிற்பாதி, ஆர்தர் அரசர் கதையில் வரும் மந்திரவாதி மெர்லினின் ஆசானுடைய பெயர், அவளே சேர்த்துக்கொண்டது.

தமிழில் வைத்த பெயர்களில் எங்கள் மதிப்பில் முதலிடம் இரும்புக்கை மாயாவிக்கு. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழாக வந்தது. மூலத்தில் அவர் லூயிஸ் கிராண்டல், 1962இல் பிரித்தானிய இதழ் ஒன்றில் தோன்றியவர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறையும், உலோகக் கை மட்டும் தெரியும். இரும்புக்கை என்பது தெரியும் பாதி, மாயாவி என்பது மறையும் பாதி. இரண்டு சொல்லில் கதையின் விதி முழுவதும் அடங்கிவிட்டது. மூலத் தலைப்பில் மறைவதைப் பற்றிய சொல்லே இல்லை. பின்னர் வேறொரு வெளியீட்டில் முகமூடி அணிந்த ஃபாண்டத்துக்கும் மாயாவி என்று பெயரிட்டார்கள். முத்துவில் அதே பாத்திரம் வேதாளர். ஒரு பெயருக்கு இரண்டு ஆளும், ஓர் ஆளுக்கு இரண்டு பெயருமாகி, மாயாவி கதை வேண்டும் என்று கேட்பவரிடம் எந்த மாயாவி என்று திருப்பிக் கேட்க வேண்டியதாயிற்று. புதிய பெயர் வைக்கும்போது அந்தப் பெயர் ஏற்கெனவே யாருக்காவது இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

உங்கள் புதிய தொடருக்கு வருகிறோம். ஒரு பெயரை முடிவுசெய்யுமுன் அதனோடு ஐ, ஆல், கு, இன், ஓடு ஆகிய உருபுகளைச் சேர்த்து எழுதிப் பாருங்கள், பிறகு கூப்பிட்டுப் பாருங்கள். சித்திரக்கதையில் ஒருவரை ஒருவர் கூப்பிடுவது அடிக்கடி வரும், ஆகவே விளி சரியாக அமையாத பெயர் நாலாம் கட்டத்திலேயே சலித்துவிடும். ‘அம்’ என்று முடியும் பெயர் வைத்தால் இடையில் ‘அத்து’ வந்து உட்காரும். வீரம் என்ற பாத்திரம் வீரத்தை, வீரத்துக்கு என்று மாறி ஆளா குணமா என்று தெரியாமல் போகும். காடு, ஆறு போல டு, று என்று முடிந்தால் இரட்டிக்கும்: காடு என்பவனைக் காட்டை என்றால் வனம், காடுவை என்றால் காதுக்கு ஒவ்வாது. நண்டு என்று பெயர் வைத்து ‘நண்டைப் பிடி’ என்று எழுதினால் பிள்ளை உண்மையான நண்டைத் தேடும். வாவிக் கரைப் பாத்திரங்களுக்குக் கொடுவா, திரளி என்றும், குளத்துப் பக்கத்தாருக்கு விரால் என்றும் வைத்துப் பாருங்கள். கொடுவாவை, கொடுவாவுக்கு, திரளியை, திரளியோடு, விராலை, விராலின் என்று எல்லா உருபும் சிக்கலில்லாமல் ஏறும். நண்டுக்கு வந்த ஆபத்து இவற்றுக்கும் உண்டு என்றாலும், பாத்திரம் மனிதனாக இருந்து, மீன் கதைக்குள் வராதவரை குழப்பம் இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் இந்த மீன்களைத் தெரியும். நம் பக்கப் பேச்சில் எழுதினால் ‘என்னகா’, ‘வாகா’ என்று ‘கா’ சேரும், அதற்கும் பேச்சுக் குமிழியில் இடம் விட வேண்டும்.

இடம் சிறியது என்பதை மறந்தால் நல்ல பெயரும் கெட்டுப்போகும். நான்கு கட்டத் தொடர் 16 செ.மீ. அகலத்தில் அச்சானால் ஒரு கட்டம் 4 செ.மீ. குமிழியின் வளைவும் ஓர வெளியும் போக எழுத்துக்கு மிஞ்சுவது 3 செ.மீ. அளவுதான். 9 புள்ளி எழுத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 10 எழுத்து அடங்கும். ணை, கொ, தௌ போன்று கொம்பும் காலும் உள்ளவை வந்தால் இன்னும் குறையும். எட்டெழுத்துப் பெயர் ஒரு வரியை முழுக்க விழுங்கிவிடும், உருபு அடுத்த வரிக்குப் போய்விடும். மூன்று முதல் ஐந்து எழுத்து நல்ல அளவு. பெயரை வரிக்கு நடுவில் உடைக்கவே கூடாது. பத்திப் பகுதியில் கணினி தானாக உடைக்கும்போது புள்ளி எழுத்து அடுத்த வரியின் முதலில் வந்து நிற்கிறதா என்று பாருங்கள். ‘ஷசா’ ஒரு வரியிலும் ‘ம்’ அடுத்த வரியிலும் என்று அச்சானதை உங்கள் பக்கத்தில் பார்த்தோம்.

கிரந்த எழுத்துகளில் இன்னொரு தொல்லை. இன்னமும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து தரும் வழக்கம் இங்கே இருக்கிறது. அதில் ஜ, ஸ இரண்டும் சதுர அடைப்புக்குறிகளின் இடத்திலும், ஷ பின்சாய்கோட்டின் இடத்திலும் இருக்கும். அந்தப் பிரதியை ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) சரியாக மாற்றாமல் வேறு எழுத்துருவில் ஒட்டினால் பெயரின் நடுவில் அடைப்புக்குறி முளைக்கும், அல்லது எழுத்தே காணாமல் போகும். தட்டச்சில் அந்த விசைகள் பழகாதவர்கள் ஸவுக்குப் பதில் சவையும் ஷவுக்குப் பதில் ஸவையும் இடுவார்கள். ஒரே பக்கத்தில் மூன்று ஷசாம் வந்தது இப்படித்தான் இருக்கும். வெளிநாட்டுப் பெயர்களுக்கு ஒரு தாள் போட்டு, ஒவ்வொரு பெயரையும் ஒரே விதமாக எழுதி, தட்டச்சு செய்பவரிடமும் ஒப்புநோக்குபவரிடமும் கொடுத்துவைத்தால் தீர்ந்துவிடும்.

அந்தத் தாளில் ட, ர சிக்கலையும் முடிவுசெய்துவிடுங்கள். இலங்கைப் பத்திரிகை வழக்கில் ஆங்கில ‘டி’ (T) ஒலிக்கு ர, ற எழுத்துகளை இடுவது உண்டு: ரீச்சர், கிரிக்கெற், இன்ரநெற். இதே முறையில் டின்டின் என்ற பாத்திரத்தை எழுதினால் ரின்ரின் ஆகிவிடும். சிவகாசி, சென்னைப் புத்தகங்களைக் கையில் வைத்திருக்கும் பிள்ளைகள் அது வேறு ஆள் என்று நினைப்பார்கள். மற்றச் சொற்களுக்கு நம் வழக்கே இருக்கட்டும். பாத்திரப் பெயர்களில் மட்டும், பிள்ளைகள் கடையிலும் நூலகத்திலும் காணும் எழுத்தையே பின்பற்றுவது வசதி.

அடுத்த வாரப் பக்கத்தில், கேள்வி கேட்ட மாணவியின் பெயரோடு, ஆறு பெயர்களையும் ஆறு ஆற்றல்களையும் எழுத்து வரிசைப்படி ஒரு சிறிய கட்டத்தில் போட்டு முன்னைய பதிலைத் திருத்துமாறு கேட்டுக்கொள்கிறோம். 6 செ.மீ. அகலக் கட்டத்தில் ஏழு வரி போதும்: தலைப்புக்கு ஒன்று, பெயர்களுக்கு ஆறு. சாலமோன் என்ற வரியில் சுலைமான் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இங்ஙனம்,
சித்திரக்கதை வாசகர்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.